பிழிந்த ரொட்டி

அன்று பிற்பகல் எங்கள் சலவை ஆலையின் அலுவலக அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது ஆளுக்கு ஆள் வேறு வேறு பட்டியல் சொல்கிறார்கள். இருந்தது நான், என் மகள், அவள் கணவரான என் மாப்பிள்ளை, என் மகன், அவன் மனைவியான என் மருமகள், துப்பறிய வந்த அம்மையார், அவருடைய உதவியாளர். உதவியாளருக்குப் ‘பின்பாட்டு’ என்று பெயர். அம்மையார் ஒரு வரி சொன்னால் அவர் இரண்டு வரி சேர்ப்பார். வேறு யாரும் இல்லை. கதவை நானே சாத்தினேன்.

மேஜை மேல் ஒரு சாவி கிடந்தது. விலைக் காகிதங்கள் வைக்கும் அலமாரியின் சாவி. முந்தின நாள் இதே மேஜையில், எல்லோர் எதிரிலும், மருமகளிடம் அதைக் கழற்றி வைக்கச் சொன்னேன். அவள் வைத்தாள். அதன் பிறகு நானும் எடுக்கவில்லை, அவளும் தொடவில்லை. துடைக்க வந்த வேலைக்காரியும் அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒப்பந்தத்துக்கு மூடிய உறையில் விலை கேட்டிருந்தார்கள். நாங்கள் கிலோவுக்கு நாற்பத்தொன்று என்று எழுதி ஒட்டிக் கொடுத்தோம். உறைகளைப் பிரித்தபோது, ஆற்றுக்கு அக்கரையில் சலவை ஆலை நடத்துகிறவர், ஊரார் நுரைக்காரர் என்று அழைக்கும் மனிதர், முப்பத்து மூன்று போட்டிருந்தார். ஒப்பந்தம் அவருக்குப் போயிற்று. நம் விலை தெரியாமல் ஒருவன் இப்படி அடிக்க மாட்டான் என்று நான் முடிவு கட்டினேன். விலை தெரிந்தவர்கள் வீட்டார் மட்டும். விலையைக் கணக்கிட்டவள் மருமகள். மருமகளின் கூடப்பிறந்த அண்ணன் நுரைக்காரரின் வண்டியை ஓட்டுகிறார். இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

என் மகன் அதிகம் பேசுகிறவன் அல்லன். “அவ இந்த வீட்டை விட்டுப் போனா நானும் கூடப் போயிடுவேன்பா” என்று மட்டும் சொன்னான். அதனால்தான் வெளியாள் ஒருவரை வீட்டு விஷயத்துக்குள் விட்டேன். எங்கள் குடும்பத்தில் இதற்குமுன் அப்படி நடந்ததில்லை.

அம்மையார் உள்ளே வந்ததும் ஜன்னலோரம் இருந்த பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

“சீட்ல ஆணி ஏதாவது இருக்கா?” என்றார் பின்பாட்டு.

“அது மாப்பிள்ளையோட நாற்காலி” என்றேன்.

எங்கள் வழக்கம் அது. மாப்பிள்ளைக்குப் பெரிய நாற்காலி. எந்தக் காகிதமும் அவர் கையெழுத்தோடுதான் வெளியே போகும். ஆனால் அவர் கணக்கு எழுத மாட்டார். மாப்பிள்ளையிடம் குமாஸ்தா வேலை வாங்கினார்கள் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. கல்யாணப் பத்திரிகையில் அவருடைய மேலாண்மைப் பட்டத்தை அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவன் நான்.

அம்மையார் எழுந்து ஸ்டூலுக்கு மாறினார். “சார், நீங்க ஒரு திருடன்னு வெச்சுக்குவோம்” என்றார் என்னிடம்.

“வெச்சுக்க முடியாது.”

“சரி, இவர் திருடன்.”

“பழக்கமான வேஷம்தான்” என்றார் பின்பாட்டு.

“போட்டிக்காரர் நாற்பத்தொன்னு போட்டிருக்கார்னு உனக்கு ரகசியமாத் தெரிஞ்சுடுச்சு. நீ எவ்வளவு போடுவ?”

“நாற்பது.”

“முப்பத்து மூணு போட மாட்டியா?”

“எதுக்கு மேடம்? நாற்பது போட்டாலே வேலை கிடைக்குதே. மிச்ச ஏழு ரூபாயை ஆஸ்பத்திரிக்கு மொய் எழுதவா?”

அம்மையார் எங்கள் பக்கம் திரும்பினார். “நுரைக்காரருக்கு நாற்பத்தொன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா அவர் நாற்பதோட நின்னிருப்பார். உங்க மருமக அந்த எண்ணைச் சொல்லியிருந்தா அவர் இவ்வளவு கீழே இறங்கியிருக்க மாட்டார். அவருக்கு யாரோ வேற ஒரு எண்ணைச் சொல்லியிருக்காங்க. முப்பத்து நாலுன்னு.”

முந்தின நாள் மேஜையைத் தட்டிப் பேசிய கையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுகள் வியாபாரம் செய்தவன், இந்தச் சின்னக் கழித்தலைச் செய்து பார்க்கவில்லை.

“அம்மா, உங்க நாற்பத்தொன்னு எப்படி வந்துச்சு?” என்று அம்மையார் மருமகளைக் கேட்டார்.

மருமகள் காகிதம் எதையும் பார்க்கவில்லை. “சோப்பு, தண்ணி, எரிபொருள், கூலி, வண்டி எல்லாம் சேர்த்து கிலோவுக்கு முப்பத்து நாலு. பாய்லர், மெஷின் தேய்மானம் நாலு. லாபம் மூணு.”

“தேய்மானத்துக்கு எதுக்கு நாலு?” என்றேன். என்னால் அடக்க முடியவில்லை. “அந்த பாய்லர் நான் ரொக்கம் கொடுத்து வாங்கினது. அது பேர்ல யாருக்கும் எதுவும் பாக்கி இல்ல. வாங்கினது வாங்கினாச்சு. அதுக்கு இப்ப என்ன செலவு?”

பின்பாட்டு தொண்டையைக் கனைத்தார்.

“மேடம், அந்த நாலை விட்டுட்டா அடக்கவிலை முப்பத்து நாலு. அதை விடறவரைத் தேடிட்டிருந்தோம். பீஸ் கொடுக்கறவரே மாட்டிக்கிட்டார். முதல்ல பீஸை வாங்கிடலாம்.”

என் மகன் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தான். என் வீட்டில், என் மேஜையில்.

“நான் வீட்டுக் கணக்கை வெளியில பேசறவன் இல்ல” என்றேன்.

“தெரியும் சார். நீங்க சொல்லல. உங்க மாதிரியே நினைக்கிற இன்னொருத்தர் சொல்லியிருக்கார்.”

அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். எனக்குத் துணை நிற்பதாக நினைத்தாரோ என்னவோ. “மாமா சொல்றதுல தப்பில்ல. முதல்ல எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.”

“முதல்ல தோணுச்சு” என்றார் அம்மையார். “அப்புறம் தோணல. நடுவுல யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நடக்கப் போகும் நேரம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் நடை போவது அவர் பழக்கம் என்றே நான் அறிந்திருந்தேன்.

கதவு மூடியதும் என் மகள் அழுதாள். அவள் எல்லோர் எதிரிலும் அழுது நான் பார்த்ததில்லை.

“நடையெல்லாம் இல்லப்பா. வாரத்துல மூணு நாள் போறார். வந்ததும் நேரா பாத்ரூமுக்குப் போய் சட்டையைத் துவைக்கிறார். அவரே. கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு.”

“சலவை ஆலை மாப்பிள்ளை சட்டையை ஒளிச்சுத் துவைக்கிறாரா?” என்றார் பின்பாட்டு. “ஓட்டல் முதலாளி பக்கத்துக் கடையில சாப்பிட்டாக்கூட நம்பலாம்.”

“எதுக்கு துவைக்கிறார்னு எனக்கு யோசிக்கக்கூட பிடிக்கல” என்றாள் மகள். “யார்கிட்ட சொல்வேன்? உங்ககிட்ட சொன்னா வீட்டு மானம்னு ஆரம்பிச்சுடுவீங்க.”

நான் ஆரம்பிக்கவில்லை. அவள் மனத்தில் ஓடியது என் மனத்திலும் ஓடியது. மாப்பிள்ளைக்கு வேறொரு பெண். அந்தப் பெண் நுரைக்காரரின் ஆள். விலை அவள் வழியாகப் போயிருக்கிறது. மருமகளைக் குற்றம் சொன்னபோது எனக்கு வந்தது கோபம். இப்போது வந்தது வேறு. பெரிய எழுத்தில் அச்சடித்த அந்தப் பத்திரிகை எத்தனை வீடுகளில் இன்னும் இருக்கும் என்று எண்ணினேன்.

மகள் வீட்டுக்குள் போய், கொடியில் காய்ந்திருந்த வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தாள். அம்மையார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “உங்க தொழில் சார். சொல்லுங்க.”

இடது கை மணிக்கட்டுப் பட்டையின் கீழ்விளிம்பில் மங்கலான நீலம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இதற்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“வாசனைப் பொருள் இல்ல. உதட்டுச் சாயமும் இல்ல. பேனா மையும் இல்ல. பேனா மைன்னா சோப்புக்குக் கொஞ்சமாவது நகர்ந்திருக்கும். இது வெள்ளைப் பலகையில எழுதற மார்க்கர். ஸ்பிரிட் வெச்சு ஒத்தி எடுக்கணும். தெரியாத ஆள் சோப்புப் போட்டுத் தேய்ச்சிருக்கார், பரவிடுச்சு. பள்ளிக்கூட வாத்தியார்கள் சட்டையில இந்தக் கறையோட வரும். ஆனா அவங்களுக்கு வலது கையில இருக்கும்.”

“இடது கைக்காரர் இடமிருந்து வலமா எழுதினா?” என்றார் அம்மையார்.

“எழுதினது மேலேயே கை போகும்” என்றாள் மருமகள். அதுவரை அவளாகப் பேசியது அது ஒன்றுதான். மாப்பிள்ளையை அவள் அண்ணா என்றே கூப்பிடுவாள். “அண்ணா இடது கையாலதான் கையெழுத்துப் போடுவார்.”

சாயங்காலத்தில் வெள்ளைப் பலகை வைத்துப் பாடம் நடக்கும் இடம் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான் உண்டு. கடைத்தெருவில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. படிக்கட்டு வாசலில் தகரப் பலகை தொங்கும்: ‘அடிப்படைக் கணக்கியல், மேலாண்மைப் பொருளியல். முன்னனுபவம் தேவையில்லை.’ அந்தப் பலகைக்குக் கீழே எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். கடைப் பையன்களுக்கான இடம் என்று நினைத்திருந்தேன்.

நானும் வருகிறேன் என்றேன். “சத்தம் போடக் கூடாது” என்றார் அம்மையார். “படியில வழுக்கினாலும்” என்று சேர்த்தார் பின்பாட்டு.

மாடியில் கதவின் மேல்பாதி கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தேன். நெருக்கமான பெஞ்சுகள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், மிதிவண்டி பழுதுபார்ப்பவர், தையல் கடை சீருடை போட்ட இரண்டு பேர். அவர்களுக்கு நடுவில், முழங்கால் மேஜையில் இடிக்க, என் மாப்பிள்ளை. பெரிய நாற்காலிக்காரர். கையை உயர்த்திக்கொண்டிருந்தார். ஆசிரியை, என் மகள் வயதுகூட இராத பெண்.

“சொல்லுங்க ரொட்டிக்கடை” என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து கைகட்டி நின்றார். “ஒரு சின்ன ஆர்டர், சும்மா நிக்கிற மெஷின்ல செய்யறோம்னா, பழைய மெஷின் விலையைக் கணக்குல சேர்க்க வேண்டாம். ஆனா வருஷம் பூரா மெஷினை ஓட்டற ஆர்டர்னா சேர்க்கணும். ஏன்னா அந்த ஆர்டர்தான் மெஷினைத் தின்னுது.”

“சரி. உட்காருங்க.”

அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை என் வீட்டில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததற்கும் எனக்கு வெட்கமாக இருந்தது.

வகுப்பு இடைவேளையில் ஆசிரியை வெளியே வந்தாள். அம்மையார் அவளைப் படி முனைக்கு அழைத்துப் போனார்.

“அவரா? ரொம்ப அக்கறையா படிக்கிறார். ரெண்டாவது வாரம்தான் சேர்ந்தார். நேத்துப் படிச்சதை இன்னைக்குக் கேட்டாலும் பயந்துக்கிட்டே சொல்வார். தெரிஞ்ச ஒரு தொழிலை எடுத்துக்கிட்டு அடக்கவிலை போட்டுட்டு வாங்கன்னு வீட்டுப்பாடம் கொடுத்தேன். இவர் ரொட்டிக்கடையைப் பலகையில போட்டார். பாவம், கொஞ்சம் வினோதமான ரொட்டி.”

“என்ன வினோதம்?”

“செலவுல ‘பிழிதல்’னு ஒரு வரி. அதுக்குக் கீழே ‘உலர்ந்தபின் எடை’. ஏதோ புது மெஷின் போலன்னு விட்டுட்டேன்.”

பின்பாட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார். “ரொட்டியைப் பிழிஞ்சு கொடியில காயப்போட்டிருக்கார் மேடம்.”

“மொத்தம் எவ்வளவு வந்துச்சு?” என்றார் அம்மையார்.

“முப்பத்து நாலு. அடுப்போட தேய்மானத்தை விட்டுட்டார். அடுப்பு எப்பவோ ரொக்கத்துக்கு வாங்கினதுன்னு சொன்னார். வீட்டுல பெரியவங்க அப்படித்தான் சொல்வாங்களாம்.”

நான் தகரப் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அன்னைக்கு நேரமாயிடுச்சு. தப்பை அடுத்த வகுப்புலதான் திருத்தினேன். எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க. முன் பெஞ்ச் அக்கா ஒருத்தங்களைத் தவிர. அந்த ரொட்டிக் கணக்கை வரி விடாம எழுதிக்கிட்டவங்க அவங்கதான். அதோட வகுப்புக்கு வர்றதை நிறுத்திட்டாங்க.”

“அவங்க எங்க வேலை பாக்கறாங்க?”

“முதல் நாள் எல்லாரும் சொன்னாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ சலவை ஆலையில கணக்குப் பாக்கறாங்களாம்.”

“முதல் நாள் நம்ம சார் வரல” என்றார் பின்பாட்டு. “திருத்தின நாள் அந்தம்மா வரல. நடுவுல ரொட்டி காஞ்சிடுச்சு.”

நுரைக்காரரை நாம் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். “வகுப்புல ஒரு ரொட்டிக்கடை உதாரணத்தைக் கேட்டது குற்றமில்ல சார்” என்றார் அம்மையார். “பாதிப் பாடத்தை வெச்சு விலை போட்டிருக்கார். உங்களால நாலை விட்டுட்டு முப்பத்து நாலுக்குச் செய்ய முடியும்னு நம்பி, அதுக்கும் கீழே போயிட்டார். அவர் பாய்லர் நிக்கிற அன்னைக்கு மீதிப் பாடம் புரியும்.”

அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை வெளியே வந்தார். கையில் தேநீர்க் கோப்பை. என்னைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“மாமா, தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றார். என் மருமகளைத்தான் சொல்கிறார். “அவ எழுதி வைக்கிறதுல பாதி எனக்குப் புரியறதில்ல. புரியாமத்தான் கையெழுத்துப் போடறேன். படிச்சதெல்லாம் போயிடுச்சு மாமா. அந்த நாற்காலியில உட்கார்ந்தவன் அவகிட்டப் போய் இது என்னன்னு எப்படிக் கேக்கறது? அதான் இங்க வந்தேன். இங்க என்னை யாருக்கும் தெரியாது.”

மருமகள் என்ன குற்றத்துக்காகச் சாவியைக் கழற்றினாளோ அதைச் செய்தவர் தாமே என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அம்மையார் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னேன்.

கோப்பையிலிருந்து தேநீர் அவர் சட்டையில் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை.

“நான் ரொட்டின்னுதானே மாமா சொன்னேன்?”

“பிழிஞ்சுட்டீங்களே சார்” என்றார் பின்பாட்டு. ஆனால் மெதுவாகத்தான் சொன்னார்.

கீழே இறங்கும்போது அம்மையார் கேட்டார்: “அறிக்கை உங்களுக்கு மட்டும்தான் சார். நான் என்ன எழுதட்டும்?”

எனக்கு அந்தக் கேள்வி புரிந்தது. விலை எப்படிப் போனதென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். மாப்பிள்ளையின் பட்டம் பட்டமாகவே இருக்கும். நாற்காலி நாற்காலியாக இருக்கும். மருமகள் மேல் பழி சொன்னபடி நிற்காது, முழுவதும் விலகவும் செய்யாது. மகன் ஒரு வாரம் பார்ப்பான், பிறகு பெட்டியை எடுப்பான். மாப்பிள்ளை வெளியிலிருந்து வந்தவர் என்பதால் அவர் மானத்தைக் காப்பது எங்கள் கடமை என்று வளர்க்கப்பட்டவன் நான். மருமகளும் வெளியிலிருந்து வந்தவள்தான் என்பது அந்தப் படிக்கட்டில் எனக்கு உறைத்தது.

பின்பாட்டுகூட ஒன்றும் சேர்க்கவில்லை.

“நடந்ததை எழுதுங்க” என்றேன்.

அலுவலக அறையில் மகளும் மகனும் மருமகளும் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை என் பின்னால் வந்து கதவோரம் நின்றார். பெரிய நாற்காலிப் பக்கம் போகவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டியை விடவில்லை, பிழிதலை விடவில்லை, ‘வீட்டுல பெரியவங்க’ என்பதையும் விடவில்லை. மகள் பாதியில் சிரிக்கத் தொடங்கினாள். கணவருக்கு இன்னொரு பெண் இல்லை, ஒரு வீட்டுப்பாடம்தான் இருக்கிறது என்று அறிந்த சிரிப்பு. பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மருமகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தச் சொல் எனக்கு வரவில்லை. நான் யாரிடமும் அதைக் கேட்டுப் பழகியவன் அல்லன். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“எதுக்கு மாமா?” என்றாள். “நாளைக்கு வேற ஒரு உறை பிரிப்பாங்க. நாளைக்கும் எங்க அண்ணன் அந்த வண்டிதான் ஓட்டுவார்.”

சரியான கேள்வி. சாவி என் கையிலேயே இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சட்டையில் தேநீர், மணிக்கட்டில் புது நீலம். என் வீட்டில் கேட்க முடியாமல் அவர் மாடி ஏறிக் கேட்ட கேள்விக்கு எனக்கும் விடை தெரியாது.

ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். “அந்தத் தேய்மானம்னா என்னம்மா? எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் நேத்து மேஜையைத் தட்டினேன். தப்பு என்னோடது.”

மகன் நிமிர்ந்து பார்த்தான். மருமகள் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

“சத்தம் இல்லாம குறைஞ்சுக்கிட்டே போறது மாமா” என்றாள். “கண்ணுக்குத் தெரியாது. தினமும் கொஞ்சம் எழுதி வெச்சாத்தான் தெரியும். எழுதாம விட்டா, நம்மகிட்ட எல்லாம் முழுசா இருக்குன்னே நினைச்சுக்கிட்டிருப்போம், ஒருநாள் நிக்கிற வரைக்கும்.”

அவள் பாய்லரைத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொள்கிறேன். கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, “அண்ணா, ஸ்பிரிட் கீழ் அலமாரியில இருக்கு. சோப்புப் போடாதீங்க” என்றாள்.

பெரிய நாற்காலி இப்போது வருகிறவர்கள் உட்காருவதற்காக வாசல் பக்கம் இருக்கிறது. காகிதங்களில் மருமகள் கையெழுத்துப் போடுகிறாள். மாப்பிள்ளை அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுவிட்டுப் பிறகு தன் கையெழுத்தைப் போடுகிறார். வாரத்தில் மூன்று மாலை மாடிக்கும் போகிறார். அவருக்குப் பக்கத்துப் பெஞ்சில் முழங்கால் இடிக்க இன்னொருவரும் உட்காருகிறார் என்பதை ஊரார் பார்த்திருப்பார்கள். அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் ஊரில் வேறொரு பேச்சு உலவுகிறது. எங்கள் மருமகள் விலையை அக்கரைக்கு விற்றுவிட்டாள், மகன் போய்விடுவான் என்ற பயத்தில் கிழவன் சாவியைக் கொடுத்து அமுக்கிவிட்டான் என்று. அது பொய். விலையை யாரும் விற்கவில்லை. என் மாப்பிள்ளை அதைப் பலகையில் எழுதினார். இடது கையால், எல்லோரும் பார்க்க, இலவசமாக. அதிலும் தவறாக எழுதினார். அந்தத் தவறு அவருக்கு என்னிடமிருந்து வந்தது.